கொப்பறாவும் ஒரு தீம்பண்டமும்: பிலிப்பைன்ஸ் நாட்டின் ‘நாத்தா தெ கோக்கோ’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் அந்நாடு எவற்றை விளைவித்தது, எவற்றைக் கப்பலேற்றியது என்பவற்றையே பெரிதும் நோக்குவர். எவற்றைப் பயனற்றவை என்று நிலத்திற் கொட்டியது என்பதை நோக்குவோர் மிகச் சிலரே. கப்பலேறியதற்குச் சுங்கக் கணக்கு உண்டு; கொட்டப்பட்டதற்கு ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளின் தென்னை வரலாற்றில் இவ்வாறு கணக்கில் ஏறாமல் ஓடிப்போன பொருள் தேங்காய்த் தண்ணீராகும். கொப்பறாவுக்காகத் தேங்காய்கள் பிளக்கப்பட்ட இடங்களில் எல்லாம் அது மண்ணில் விழுந்து புளித்தது. அந்த நீரிலிருந்தே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பளிங்குபோற் பளபளப்பும் பல்லுக்கு இதமான இறுக்கமும் கொண்ட ஓர் இனிப்புப் பண்டம் பிறந்தது. ‘நாத்தா தெ கோக்கோ’ என்பது அதன் பெயர். அது உருவான வகையும், உலகச் சந்தையில் ஏறி இறங்கிய வகையும் தென்னையை நம்பி வாழும் மக்கள் எவரும் கருத்திற் கொள்ளத்தக்கவை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஸ்பானிய மொழியில் ‘நாத்தா’ என்பது பாலின் மேல் திரளும் ஏட்டினைக் குறிக்கும். தமிழர் உடுக்கும் உடையின் பெயரையே பாலுக்கும் வழங்கி அதனைப் பாலாடை என்றனர். புளிக்கும் சாற்றின் மேல் வெண்மையாகப் படர்ந்து, நாளடைவில் தடித்து நிற்கும் படலத்தைக் கண்ட பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் ஆட்சியாளரின் மொழியில் இருந்த அச்சொல் பொருத்தமாகப் பட்டிருக்க வேண்டும். ‘கோக்கோ’ இங்கே தென்னையையே சுட்டும். பானமாக அருந்தப்படும் கொக்கோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனவே பெயரின் பொருள் தேங்காயின் ஆடை என்பதாகும். ஆயின் இப்பெயர் முதலில் தேங்காய்க்கு இடப்பட்டதன்று. அதற்கு மூத்தது ‘நாத்தா தெ பின்யா’, அதாவது அன்னாசியின் ஆடை.

அன்னாசி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ஸ்பானியர் அதனைப் பிலிப்பைன்சுக்குக் கொண்டுவந்தனர். அங்கே அது பழத்துக்காக மட்டும் பயிரிடப்படவில்லை. அதன் இலையிலிருந்து உரித்தெடுத்த நாரினால் நெய்யப்பட்ட பின்யாத் துணி, தும்பியின் சிறகுபோன்ற மென்மையினால் பெரும் புகழ் பெற்றது. இலை தறிக்குச் செல்ல, பழம் வீட்டில் எஞ்சியது. லூசோன் தீவின் தென்பகுதியிலுள்ள லகுனா மாகாணத்தில், பழச்சாற்றையும் சக்கையையும் நீரும் சீனியும் சேர்த்து அசையாது வைத்து, மேலே திரளும் ஆடையை எடுத்துப் பாகிலிடும் வழக்கம் ஸ்பானிய ஆட்சிக் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. இதனைக் கண்டறிந்தவர் இன்னார் என்று கூறுவதற்கில்லை. வீட்டுச் சமையலறைகளில், புளித்ததைக் கொட்டிவிடாமல் உற்றுப் பார்த்தவர்களின் அறிவு அது. அக்கலைக்கு இருந்த குறை ஒன்றே: அன்னாசி நட்டுப் பழம் பறிக்க ஓராண்டுக்கு மேலும் செல்லக்கூடும், பழம் வரும் பருவத்திலேயே ஆடையும் வரும்.

தென்னைக்கு அத்தகைய பருவத் தடை இல்லை. அது ஆண்டு முழுவதும் காய்ப்பது. ஆயின் பிலிப்பைன்சில் தென்னை பெருகிய வரலாறு சமையலறையின் வரலாறன்று, அரசாணையின் வரலாறு. 1642இல் ஸ்பானிய ஆள்பதி உர்த்தாதோ தெ கொர்க்குவேரா, சுதேசிகள் ஒவ்வொருவரும் 200 தென்னைகள் நடவேண்டும் என்று ஆணையிட்டார். மணிலாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே ஓடிய பெருங்கப்பல்களுக்குத் தும்புக் கயிறும், பலகை இடுக்குகளை அடைக்கும் நாரும் தேவைப்பட்டமையே அதன் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் சவர்க்காரத் தொழிலும் மாஜரீன் தொழிலும் தேங்காயெண்ணெயைத் தேடத் தொடங்கியபோது, கயிற்றின் இடத்தைக் கொப்பறா பிடித்தது. 1898இல் நாடு அமெரிக்கர் வசமாயிற்று. 1909க்குப் பின் அமெரிக்கச் சந்தையில் தீர்வையின்றி நுழையும் சலுகை கிடைத்தமையால், தென்னந்தோட்டங்கள் மேலும் விரிந்தன. 1920களில் உலர்த்திய தேங்காய்த் துருவல் தொழிலும் அங்கே வேரூன்றியது. அதுவரை இலங்கையிலிருந்து பெருமளவு துருவலை வாங்கிவந்த அமெரிக்கச் சந்தை, தீர்வை வேறுபாட்டினால் பிலிப்பைன்சின் பக்கம் சாய்ந்தது. இலங்கைத் தெங்குத் தொழிலின் இழப்பும் பிலிப்பைன்சின் ஆதாயமும் இவ்விடத்தில் ஒரே நாணயத்தின் இரு முகங்களாயின. ஆயின் அந்த ஆதாயமும் பிறர் கையில் இருந்தது. 1934இல் அமெரிக்கா தேங்காயெண்ணெய் மீது இறாத்தலுக்கு மூன்று சதம் வரி விதித்தபோது, தோட்டக்காரர் தமது வாழ்வு எங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்பதை உணர்ந்தனர்.

இப்பொருளாதாரம் முழுவதிலும் தேங்காய்த் தண்ணீருக்கு இடமே இருக்கவில்லை. கொப்பறாவுக்குரிய தேங்காய் முற்றியது. அதன் நீரில் வெல்லமும் உப்புகளும் இருப்பினும், இளநீரின் சுவை அதில் இல்லை. பிளந்த சில மணி நேரத்திலேயே அது புளிக்கத் தொடங்கும். தோட்டத்தில் சிந்தியது மண்ணோடு போயிற்று. துருவல் ஆலைகளில் ஓரிடத்தில் தேங்கிய நீரோ வாய்க்கால்களிற் பாய்ந்து அயலை நாறச் செய்தது. இந்நாட்டுத் துருவல் ஆலைகளின் அயலில் வாழ்ந்தோர்க்கு இது விளக்க வேண்டாத செய்தி.

1940இல் பிலிப்பைன்ஸ் அரசு தேசிய தெங்குக் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. கொப்பறா ஒன்றையே நம்பியிருக்கும் நிலையை மாற்றி, தென்னையிலிருந்து வேறு பொருள்களையும் பெற வழி காண்பது அதன் பணிகளுள் ஒன்று. போர்க்காலத்தின் அழிவு நீங்கிய பின்னர், அந்நிறுவனத்தில் இரசாயனவியலாளராகப் பணியாற்றிய தெயோதுலா கலாவ் ஆப்பிரிக்கா என்னும் பெண்மணி, அன்னாசிச் சாற்றுக்குப் பதிலாகத் தேங்காய்த் தண்ணீரில் ஆடையை விளைவிக்க முடியும் என்று காட்டினார். அவரது ஆய்வு 1949இல் மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகச் சஞ்சிகையான ‘ஊனித்தாஸ்’ இதழில் வெளிவந்தது. நாத்தா தெ கோக்கோவின் பிறப்பாண்டாக அவ்வாண்டே கொள்ளப்படுகின்றது.

அவர் அதனைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது வழக்கம். அச்சொல்லைச் சற்று நிதானத்துடன் கையாளுதல் வேண்டும். ஆடை விளைவிக்கும் கலை லகுனாவின் வீடுகளில் ஏலவே இருந்தது. தேங்காய்த் தண்ணீர் ஏலவே வீணாகிக் கொண்டிருந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதிருந்தன. ஒன்றைச் சமையற்கட்டின் சிறுதொழில் என்றும் மற்றதைக் கழிவு என்றும் கண்டு கடந்துபோனோர் பலர். அவற்றை ஒரே கலத்தில் இட்டுப் பார்த்தமை, எந்த அளவில் எது சேர்ந்தால் ஆடை தடிக்கும் என்று முறைப்படி ஆராய்ந்தமை, அதனைப் பிறரும் செய்யத்தக்கவாறு எழுதி வைத்தமை ஆகியனவே கலாவ் ஆப்பிரிக்காவின் சாதனை. அது சிறிய சாதனையன்று. பெயரில்லாத பெண்களின் கைப்பழக்கம் ஒரு பெண்ணின் பெயரோடு அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது.

ஆடையை நெய்பவர் யார் என்பது நெடுங்காலம் தவறாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. வெல்லச் சாறுகளில் பசைபோன்ற கூழை உண்டாக்கும் லியூக்கொனொசுத்தொக் என்னும் பற்றீரியாவே இதற்கும் காரணம் என்று தொடக்கத்தில் எண்ணினர். ஆயின் அப்பற்றீரியா தருவது நீரிற் கரையும் டெக்ஸ்திரன். நாத்தாவோ எவ்வளவு கொதித்தாலும் கரையாதது. 1967இல் லாப்புஸ், கல்யார்தோ, பாலோ ஆகிய மூவரும் பிலிப்பைன்ஸ் விஞ்ஞான சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, உண்மையான நெசவாளி அசற்றோபற்றர் சைலினம் என்று நிறுவியது. இது முற்றிலும் புதிய அறிமுகமன்று. 1886இலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ஏட்ரியன் ஜோன் பிரவுன், வினாகிரியின் மேற்படியும் தோல் செலுலோசினால் ஆனது என்றும், அதனை ஆக்குவது ஒரு பற்றீரியா என்றும் காட்டியிருந்தார். அண்மைக் காலத்தில் இதன் பெயர் கொமகற்றையிபற்றர் சைலினசு என மாற்றப்பட்டுள்ளது. தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி எடுப்போர் சாடியின் மேற்பரப்பில் வழுவழுப்பான தோல் ஒன்றைக் கண்டு வழித்தெறிவதுண்டு. அதுவும் இக்குடும்பத்து உயிர்களின் கைவேலையே.

செய்ம்முறை எளிது, அவசரம் ஒன்றே அதற்கு ஆகாது. புதிய தேங்காய்த் தண்ணீரைத் துணியில் வடித்து, நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேற்படாத அளவு சீனி சேர்த்துக் கொதிக்க வைப்பர். தண்ணீர் கிடையாதவிடத்து, துருவிய தேங்காயிற் பிழிந்த பாலை நிறைய நீர் விட்டுத் தளர்த்திக் கொள்வதும் உண்டு. பற்றீரியாவின் வளர்ச்சிக்கு நைதரசன் வேண்டுமாதலால் சிறிதளவு அமோனியம் உப்புச் சேர்க்கப்படும். அடுப்பிலிருந்து இறக்கியபின் அசற்றிக்கமிலம் விட்டுப் புளிப்பேற்றுவர். ஏனைய கிருமிகள் பல இப்புளிப்பைத் தாங்கமாட்டா. ஆடை நெய்யும் பற்றீரியாவுக்கோ அது இயல்பான சூழல். கலவை நன்றாக ஆறிய பின்னரே முந்திய தொகுதியில் எடுத்து வைத்த உறைநீரை ஊற்றவேண்டும். சூட்டோடு ஊற்றினால் உறை இறந்துவிடும். தயிருக்கு உறை குத்தத் தெரிந்தவர்க்கு இதன் நுட்பம் தானே விளங்கும்.

பின்னர் கலவையை அகன்ற, ஆழம் குறைந்த தட்டுகளில் ஊற்றி, தூசியும் பூச்சியும் அணுகாமல் துணியாலோ தாளாலோ மூடி, ஓரிடத்தில் வைத்துவிடுவர். உலோகத் தட்டைப் புளிப்பு அரிக்குமாதலால் கண்ணாடியோ பிளாத்திக்கோ ஏற்றது. 28 முதல் 30 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை இதற்கு உகந்தது. லூசோனின் சமவெளிகளில் அதற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. காற்றும் வேண்டும், ஆனால் காற்று வருவதற்காக மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது.

அசைக்காதிருத்தலே இத்தொழிலின் முதல் விதி. இப்பற்றீரியா ஒட்சிசன் இன்றி வாழாது. எனவே திரவத்தின் மேற்பரப்பிலேயே தொழிற்படும். வெல்லத்தை உட்கொண்டு, தாவர நாரைக் காட்டிலும் பன்மடங்கு நுண்ணிய செலுலோசு இழைகளைத் தன் உடலிலிருந்து நூற்றுக்கொண்டேயிருக்கும். கோடானுகோடி இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இடைவெளிகளில் நீரைப் பிடித்துக்கொள்ளும். முதலில் பனிப்படலம்போல் தோன்றுவது எட்டு முதல் பதினான்கு நாள்களில் விரல் தடிப்புள்ள வெண்பாளமாகும். இடையில் யாரேனும் தட்டை அசைத்தால் பாளம் அமிழும். காற்றை இழந்து வளர்ச்சி நிற்கும். மேலே புதியதொரு மெல்லிய படலம் தொடங்கும். இறுதியில் ஒரு நல்ல பாளத்துக்குப் பதிலாகப் பயனற்ற பல ஏடுகளே மிஞ்சும். கடற்பாசியிலிருந்து காய்ச்சி உறையவைக்கும் ஜெலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேயே உள்ளது. அது உறைவது, இது வளர்வது. அதனால்தான் அது சூட்டில் உருகுகின்றது, இது உருகுவதில்லை.

விளைந்த பாளத்தை எடுத்து, மேலுள்ள மெல்லிய தோலைச் சுரண்டி நீக்கி, சிறு சதுரக் கட்டிகளாக வெட்டுவர். அப்போது அதன் மணம் வினாகிரியின் மணம். வாயில் வைக்க ஏலாது. இரண்டு மூன்று நாள்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, பின்னர் கொதிக்க வைத்தால் புளிப்பு அகலும். அதன்பின் சீனிப்பாகில் இட்டுக் காய்ச்சி, பாகு உட்செல்லும்வரை வைத்து, போத்தலில் அடைப்பர். வனிலாவோ இரம்பை இலையோ மணத்துக்குச் சேர்வதுண்டு. தொண்ணூறு வீதத்துக்கு மேல் நீரேயாகிய இப்பண்டத்துக்குத் தனக்கென ஒரு சுவை இல்லை என்றே கூறலாம். பாகின் இனிப்பே அதன் இனிப்பு. அதன் சிறப்பு முழுவதும் மெல்லுதலில் உள்ளது. பல் பதியும்போது முதலில் எதிர்த்து, பின் சட்டென வழிவிட்டு, உள்ளிருந்த பாகைப் பீறிட விடும். செலுலோசு மனித வயிற்றிற் செரிக்காது. ஆகவே உண்டவருக்கு நாருணவும் பாகின் சீனியுமே மிச்சம்.

பிலிப்பைன்ஸ் மக்கள் இதனைத் தனியே உண்பது குறைவு. கோடையில் உண்ணும் ‘ஹாலோ ஹாலோ’ என்னும் கலவையில் இது ஓர் உறுப்பு. தகலோகு மொழியில் அப்பெயருக்குக் கலந்து கலந்து என்பது பொருள். உயர்ந்த கண்ணாடிக் குவளையில் பாகிலிட்ட அவரை வகைகள், வாழைப்பழம், பலாச்சுளை, நாத்தா, ஊதா நிற வள்ளிக்கிழங்கு இனிப்பு ஆகியன அடுக்கப்பட்டு, சீவிய பனிக்கட்டியும் பாலும் மேலே இடப்படும். இதன் வரலாறும் சுவையானது. மணிலாவில் அமெரிக்க ஆட்சி 1902இல் பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நகரில் வாழ்ந்த யப்பானியர், தமது நாட்டு வழக்கப்படி சீவிய பனிக்கட்டியின் மேல் இனிப்பூட்டிய பயறு இட்டு விற்றனர். அச்சிறு கடைகளின் பண்டமே உள்ளூர்ப் பழங்களையும் இனிப்புகளையும் ஏற்று ஹாலோ ஹாலோவாக வளர்ந்தது என்பர். இது நினைவில் இருத்தத்தக்கது. ஏனெனில் யப்பானியரின் நாவுக்கும் நாத்தாவுக்கும் பின்னொரு தொடர்பு காத்திருந்தது.

1954இல் தெங்குக் கூட்டுத்தாபனம் தெங்கு நிருவாகமாக மாற்றியமைக்கப்பட்டது. நாத்தாவைத் தொழிலாகச் செய்வதும் அக்காலத்தில் தொடங்கிற்று. ஆயின் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது பெரும்பாலும் குடிசைக் கைத்தொழிலாகவே நீடித்தது. நத்தார்ப் பண்டிகைக்குப் பழக்கலவை செய்யும் வீடுகளே அதன் பெருஞ்சந்தை.

1993இல் நிலை திடீரென மாறியது. உணவுப் புதுமைகளை அலையலையாக வரவேற்றுத் துறக்கும் யப்பானிய நகரங்கள், 1990இல் இத்தாலியரின் திராமிசுவைக் கொண்டாடிவிட்டு, அவ்வாண்டில் நாத்தாவின் பக்கம் திரும்பின. நார்ச்சத்து மிக்கது, மெல்ல இனிது என்ற புகழோடு அது கடைகள்தோறும் பரவியது. பிலிப்பைன்சின் ஏற்றுமதி ஓராண்டுக்குள் பன்மடங்காயிற்று. லூசோனின் தென்மாகாணங்களில் வீட்டு முற்றங்களும் கொட்டில்களும் தட்டுகளால் நிறைந்தன. அதுவரை கொட்டப்பட்ட தண்ணீருக்கு விலை வந்தது. பிறகு அலை வடிந்தது. யப்பானியச் சந்தை வேறொரு புதுமையைத் தேடிச் சென்றது. எஞ்சிய தேவையிலும் இந்தோனேசியா முதலிய அயல்நாடுகள் போட்டியிட்டன. அங்கே ‘சாரி கெலாப்பா’ என்ற பெயரில் இதே பண்டம் பெரிய அளவில் விளைவிக்கப்பட்டு வந்தது. தட்டும் சீனியும் வாங்கித் தொழிலில் இறங்கிய சிறு உற்பத்தியாளரிடம் விற்கவியலாத பாளங்கள் தேங்கின.

இதனை வெறும் நாகரிக மோகத்தின் விளைவு என்று ஒதுக்குதல் சரியாகாது. 1934இன் எண்ணெய் வரிக்கும் 1993இன் நாத்தா அலைக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தன. குடியேற்ற ஆட்சி நீங்கியது. ஆயினும் தென்னைப் பொருளின் விலை தொலைவில் உள்ள ஒருவரின் விருப்பில் தொங்கிய நிலை அவ்வாறே இருந்தது. கொப்பறாவுக்கு மாற்றாக வந்த பொருளும் கொப்பறாவின் வழியிலேயே நடந்தது. உள்நாட்டிலும் தென்னை விவசாயிக்குக் காவல் இருக்கவில்லை. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும், மார்க்கோசு ஆட்சியில் கொப்பறா விற்பனையின்மீது அறவிடப்பட்ட தெங்குத் தீர்வை, அவர்களின் நலனுக்கென்று பெறப்பட்டு, வங்கிப் பங்குகளாகவும் கம்பனிப் பங்குகளாகவும் உருமாறியது. அப்பணத்தால் வாங்கப்பட்ட பங்குகளின் பெரும் பகுதி தென்னை விவசாயிகளின் நன்மைக்காக அரசுக்கே உரியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2012இற் கூறியது. அதனை விவசாயிகளுக்குப் பயன்படுத்தும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டம் 2021இலேயே நிறைவேறியது. தீர்வை செலுத்தியோருட் பலர் அதற்கு முன்னரே இறந்துவிட்டனர்.

நாத்தாவை நெய்யும் பற்றீரியா இதற்கிடையே வேறு துறைகளிலும் புகுந்தது. அதன் செலுலோசைக் கொண்டு மென்படலம் அமைத்த காதொலிப்பான் ஒன்றை யப்பானியக் கம்பனியான சோனி 1989இல் வெளியிட்டது. தீப்புண்ணை மூடும் மருத்துவப் படலமாகவும் அது பயன்பட்டது. தைவானிய முறைத் தேநீர்க் கடைகளில் மரவள்ளி உருண்டைகளோடு நாத்தாவும் குவளையின் அடியிற் கிடக்கக் காணலாம். வியற்நாமின் பென் திரே பகுதியில் அது வேறொரு பெயரில் ஊர்ப் பண்டமாகிவிட்டது.

பிலிப்பைன்சிலோ நத்தார்க் காலம் செத்தெம்பரிலேயே தொடங்கிவிடுவதாகக் கொள்வர். இளந்தேங்காயின் வழுக்கையைச் சீவி, ரின்பாலும் பாலேடும் கலந்து குளிரவைக்கும் ‘புக்கோ’ கலவைக்கு நாத்தா வேண்டும். ஆண்டிறுதி நெருங்க நெருங்க, லகுனாவிலும் அயல் மாகாணங்களிலும் தட்டுகள் மீண்டும் அடுக்கேறுகின்றன. பாளத்தை எடுத்தபின் அடியில் எஞ்சும் புளித்த நீர் முழுவதையும் எவரும் கொட்டுவதில்லை. அதில் ஒரு பங்கைப் போத்தலில் ஊற்றி, அடுத்த தொகுதிக்கு உறையாக எடுத்து வைக்கின்றனர்.